‘லிட்டரலி’, ‘டெசிமேட்’, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’: இவற்றைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?

கேள்வி: நெய்தல்

சென்னையில் உள்ள ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்தில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பொது வாசகருக்கான அறிவியல் நூல்களுக்கும் காப்பி எடிட்டிங் செய்யும் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் பிரிவுக்கென்று தனியாக ஒரு ஸ்டைல் ஷீட் (எடிட்டர்கள் பின்பற்ற வேண்டிய நடைவிதிகளின் பட்டியல்) எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ‘அடிக்கடி பிழையாகக் கையாளப்படும் ஆங்கிலச் சொற்கள்’ என்ற பகுதிக்கு வந்தவுடன் பிரிவுக்குள் பெரிய வாக்குவாதம் எழுந்துவிட்டது. அது இன்னும் ஓயவில்லை.

மூத்த எடிட்டர்கள் சிலருக்குச் சில சொற்களைக் கண்டாலே பொறுக்காது. ‘லிட்டரலி’ என்ற சொல் உள்ளபடியே நடந்ததை மட்டும்தான் குறிக்க வேண்டும், ‘டெசிமேட்’ என்றால் பத்தில் ஒரு பங்கை அழிப்பது மட்டுமே, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பது நடுநிலையாளரைக் குறிக்கும், ஆர்வமில்லாதவரைக் குறிக்காது என்பது அவர்கள் நிலை. இளையவர்களோ உடனே அகராதியைத் திறந்து, பிழை என்று சொல்லப்படும் பொருள்கள் எல்லாம் அங்கே பதிவாகியிருப்பதைக் காட்டுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஸ்டைல் ஷீட்டில் திருத்து என்றோ விடு என்றோதான் எழுத முடியும்.

அண்மையில் ஒரு சூழலியல் கட்டுரையில், பூஞ்சை நோய் ஒன்று தவளைகளை ‘டெசிமேட்’ செய்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. பத்தில் ஒரு பங்குதான் அழிந்ததா என்பதைத் தெளிவுபடுத்துமாறு எங்கள் மூத்தவர் ஒருவர் ஓரத்தில் ஏ.கியூ. (‘ஆத்தர் கொயரி’, அதாவது கட்டுரையாளருக்கான கேள்வி) வைத்தார். அட்டவணையிலோ பெரும்பான்மைத் தவளைகள் மடிந்த கணக்கு தெளிவாகவே இருந்தது. தம் அட்டவணையைப் படிக்காமலேயே எடிட் செய்கிறீர்களா என்று கட்டுரையாளர் கடிந்து எழுதிவிட்டார்.

எந்தச் சொற்களைக் கட்டாயம் திருத்த வேண்டும், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

ஆங்கில அகராதிகளின் வரலாற்றை நெடுநாளாகப் படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய பொருள்தான் சரியான பொருள் என்ற அளவுகோலை முதலில் கைவிட்டுவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கே அது எதிராகத் திரும்பிவிடும்.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ இதற்கு நல்ல சான்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் இந்தச் சொல்லைக் கையாண்டபோது, ஆர்வமில்லாத என்ற பொருளில்தான் கையாண்டார். ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்ற சொல்லோ அதே நூற்றாண்டில் நடுநிலையான என்ற பொருளில் வழங்கியது. இன்று உங்கள் மூத்தவர்கள் காக்க விரும்பும் வேறுபாடு அதற்குப் பின்னால் உருவானது. வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் அவர்கள் பிழை என்று சொல்வதே சரியென்றாகிவிடும்.

‘லிட்டரலி’யும் அப்படித்தான். உள்ளபடி நடக்காத ஒன்றை அழுத்திச் சொல்வதற்காக அதைப் பயன்படுத்துவது இணையத் தலைமுறையின் கைவரிசை என்று பலர் நம்புகிறார்கள். 1769-இல் வெளியான பிரான்செஸ் புரூக்கின் நாவலிலேயே அந்த வழக்கு இருக்கிறது. டிக்கன்ஸிடம் இருக்கிறது. 1876-இல் மார்க் ட்வெய்ன், காலையில் கையில் ஒன்றுமில்லாமல் இருந்த சிறுவன் டாம் சாயர் பிற்பகலில் ‘லிட்டரலி’ செல்வத்தில் புரண்டான் என்று எழுதினார். அவனிடம் சேர்ந்திருந்தவை கோலிக்குண்டுகளும் உடைந்த சாமான்களும்தான். மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் தன் 1909-ஆம் ஆண்டுப் பேரகராதியிலேயே இந்த வழக்கைக் குறித்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இது இருப்பதை 2013-இல் பத்திரிகைகள் கண்டுபிடித்து, ஆங்கிலமே அழிந்துவிட்டதாக எழுதியபோது, அந்த வழக்குக்கு வயது இரண்டரை நூற்றாண்டை நெருங்கியிருந்தது.

‘டெசிமேட்’ ரோமானியப் படையிலிருந்து வந்த சொல். கலகம் செய்த அல்லது போர்க்களத்தில் புறமுதுகிட்ட படைப்பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்ற ஒன்பது பேரின் கையாலேயே கொல்லச் செய்யும் தண்டனை அது. வழக்கொழிந்து கிடந்த அந்தத் தண்டனையை, ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை ஒடுக்கப் போன கிராசஸ் கி.மு. 71 வாக்கில் மீட்டெடுத்தான். ஆனால் ஆங்கிலத்தில் பேரழிவு என்ற பொதுப்பொருளும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது. பத்தில் ஒன்றை மட்டும் அழித்ததைச் சொல்ல இன்று எவரும் இச்சொல்லைத் தேடிப் போவதில்லை என்பதால், பழைய பொருளைக் காப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

சொற்களின் மேல் கொள்ளும் எரிச்சலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல்லைத் தடுக்கத் தம்மால் இயன்றதை எல்லாம் செய்ததாக ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் எழுதினார். ‘நோட்டீஸ்’, ‘அட்வகேட்’, ‘ப்ராக்ரஸ்’ ஆகியவற்றை வினைச்சொற்களாக்குவதைக் கண்டித்து, 1789 டிசம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் மொழியறிவு நம் எல்லோருடையதையும் விடப் பெரிது. இருந்தும் அந்தச் சொற்களில் எதுவும் இன்று ஒருவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற பேராசிரியர்

ஏட்டுச்சுவடி தந்த வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. அதிலிருந்து அவர் செல்லும் முடிவில்தான் எனக்கு மாறுபாடு உண்டு. பெரும் எழுத்தாளர் ஒருவர் ஒரு சொல்லை நெகிழ்த்திக் கையாண்டார் என்பதால், ஆய்வுக் கட்டுரை எழுதுபவரும் அப்படியே கையாளலாம் என்று ஆகாது. டாம் சாயரைப் பற்றிய அந்த வரியில் மிகையே சுவை, அதை வாசகர் அறிவார். மருந்தின் விளைவைப் பற்றிய வரியில் அதே மிகை வந்தால், எது உண்மை, எது அழுத்தம் என்று பிரித்தறிய வழியே இல்லை.

மேலும், ஒரு சொல்லின் பழைய பொருளுக்காக நான் வாதாடவில்லை. இரண்டு சொற்களுக்கிடையே வளர்ந்து நிலைத்த ஒரு வேறுபாட்டுக்காக வாதாடுகிறேன். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ நடுநிலையைக் குறிக்க, ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆர்வமின்மையைக் குறிக்கிறது என்ற ஏற்பாடு எப்போது வந்திருந்தாலும், அது வந்த பிறகு மொழிக்கு ஒரு வசதி கூடியது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் அந்த வசதி போய்விடும். வகுப்பறையில் நான் இதை வலியுறுத்தியது, என் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

ஒரு சொல்லுக்கு இரண்டு நேரெதிர்ப் பொருள்கள் ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ‘நான்பிளஸ்டு’ என்றால் திகைத்துப்போன என்று பொருள். அமெரிக்காவில் இப்போது பலர் அதைக் கலங்காத, அசராத என்ற பொருளில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை இன்று எப்படி எழுதினாலும் வாசகரில் ஒரு பகுதியினர் நேரெதிராகவே புரிந்துகொள்வார்கள். இத்தகைய சண்டையில் சிக்கிய சொற்களைச் சண்டை ஓயும்வரை தொடாமல் இருப்பதே நல்லது என்று பிரையன் கார்னர் தம் ஆங்கிலச் சொல்வழக்குக் கையேட்டில் சொல்லும் அறிவுரை எனக்கு ஏற்புடையது. எடிட்டருக்கு அது திருத்தும் வழியும் ஆகிறது: சொல்லைத் தூக்கிவிட்டு, திகைத்தாரா, அசராமல் நின்றாரா என்பதை நேராக எழுதச் சொல்லுங்கள்.

பதில் 3: வழக்குரை

பேராசிரியர் ஐயா சொன்னதற்குச் சட்டத் துறையிலிருந்து ஒரு துணைச்சான்று. எங்கள் மொழியில் ‘இன்ட்ரஸ்ட்’ என்பது ஆர்வம் அல்ல. ஒருவருக்கு ஒரு விஷயத்தில் உள்ள பங்கு அல்லது ஆதாயம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 184-ஆவது பிரிவில், ஓர் ஒப்பந்தத்தில் தமக்குள்ள ஆதாயத்தை இயக்குநர் வெளிப்படுத்த வேண்டும், அதைப் பற்றிய கூட்டத்தில் அவர் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. சாட்சிகளிலும் ‘இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்று ஒரு வகை உண்டு. கொலையுண்டவரின் உறவினர் என்பதாலேயே ஒருவர் அந்த வகைக்குள் வந்துவிடமாட்டார், பொதுவாக நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட விரும்பமாட்டார் என்று 1953-இல் தலீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆகவே ‘டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்று நாங்கள் எழுதும்போது, வழக்கின் முடிவால் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று சொல்கிறோம். அவரை அக்கறையற்றவர் என்று யாராவது படித்தால், மிக நம்பத்தக்க சாட்சி மிக அலட்சியமான சாட்சியாகிவிடுவார். உங்கள் ஆய்விதழ்களில் முரண்நலன் அறிவிப்புப் பகுதியிலும், பொருளியல் மற்றும் சட்டக் கட்டுரைகளிலும் இந்த வேறுபாட்டைக் கட்டாயமாக்குங்கள். கதைநூலில் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதில் 4: பொது சுகாதாரம்

நான் நோய்ப்பரவியல் கட்டுரைகளை எழுதவும் மதிப்பிடவும் செய்கிறவள். இதுவரை வந்த பதில்களைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. ‘லிட்டரலி’க்கும் ‘டெசிமேட்’டுக்கும் இவ்வளவு ஆற்றலைச் செலவிடும் எடிட்டிங் பிரிவுகளைக் கடந்து, முடிவையே புரட்டிப்போடும் சொற்குழப்பங்கள் அச்சுக்கு வந்துவிடுகின்றன.

‘இன்சிடென்ஸ்’, ‘ப்ரிவலென்ஸ்’ என்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் கண்டவர்களின் வீதம் முதலாவது. ஒரு நேரத்தில் அந்த நோயோடு இருப்பவர்கள் அனைவரின் விகிதம் இரண்டாவது. 1,000 பேர் வாழும் ஓர் ஊரில் ஆண்டின் தொடக்கத்தில் 50 பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், மீதி 950 பேரில் அந்த ஆண்டில் 10 பேருக்குப் புதிதாக வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். யாரும் இறக்கவில்லை, ஊரைவிட்டுப் போகவுமில்லை, புதிதாக வரவுமில்லை என்றால், ஆண்டு முடிவில் ‘ப்ரிவலென்ஸ்’ 6 விழுக்காடு. அந்த ஆண்டின் ‘இன்சிடென்ஸ்’ ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதினால் நோய் பரவும் வேகம் ஏறத்தாழ ஆறு மடங்காகத் தெரியும்.

அளவு மாறுவது ஒருபுறம் இருக்க, திசையே மாறிவிடுவதும் உண்டு. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் உயிரோடு வாழத் தொடங்கினார்கள். உலக அளவில் புதிய தொற்றுகள் குறைந்துவந்த காலத்திலேயே, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டு வந்தது. அந்த ஏற்றம் மருத்துவத்தின் வெற்றி. அதை விவரிக்கும் வரியில் ‘ப்ரிவலென்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்சிடென்ஸ்’ என்று விழுந்துவிட்டால், தடுப்புத் திட்டம் தோற்றுவிட்டது என்று வாசகர் படிப்பார். இலக்கணத்தில் ஒரு குறையும் இருக்காது, எவருக்கும் எரிச்சலும் வராது. எரிச்சல் வராததால்தான் அது தப்பித்துப் போகிறது.

இதைவிட நேரடியான ஆபத்து ‘பைவீக்லி’ என்ற சொல்லில் இருக்கிறது. வாரம் இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு பொருள்களையுமே அகராதிகள் ஏற்கின்றன. ‘பைமந்த்லி’யும் அதே ரகம். மருந்துப் பரிசோதனையின் வழிமுறைப் பகுதியில் ‘பைவீக்லி’ ஊசி என்று எழுதியிருந்தால், அந்த ஆய்வைத் திரும்பச் செய்ய விரும்புகிறவர் நான்கு மடங்கு கூடுதலாகவோ நான்கில் ஒரு பங்காகவோ மருந்து கொடுக்க நேரும். அகராதி ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற இளையவர்களின் வாதம் இங்கே நிற்காது. இதைப் பார்த்த இடத்தில் எல்லாம் ஏ.கியூ. வையுங்கள். கட்டுரையாளர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என் அளவுகோல் இதுதான்: அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட வாசகர் அடுத்து என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். தவறான அளவில் மருந்து கொடுப்பார், தவறான எண்ணை மேற்கோள் காட்டுவார் என்றால் திருத்தியே ஆக வேண்டும். முகம் சுளிப்பார், அவ்வளவுதான் என்றால் அது நடையைப் பற்றிய விருப்பம். அதற்குக் கட்டுரையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பதில் 5: மணலி

ரசாயன ஆலைகளில் தீப்பாதுகாப்புப் பணியில் இருப்பவன். பொது சுகாதாரம் அம்மையார் சொன்ன அளவுகோலை எங்கள் துறை முன்பே கடைப்பிடித்திருக்கிறது என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன். ‘இன்ஃப்ளேமபிள்’ என்பது லத்தீன் வழி வந்த, முழுக்க முழுக்கச் சரியான சொல். எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். ஆனால் அதன் தொடக்கத்தில் உள்ள ‘இன்’ என்பதை எதிர்மறை முன்னொட்டாக நினைத்து, தீப்பற்றாதது என்று புரிந்துகொள்ளும் அபாயம் இருந்தது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தை ஆதரித்தது. பிரிட்டனின் தரநிலை நிறுவனமும் 1959-இல் அதையே கொள்கையாக அறிவித்தது. நம் சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் இன்னும் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்றே பெரிதாக எழுதியிருப்பதைக் காணலாம். சொல் சரியாக இருந்தும், படிப்பவர் உயிர் முக்கியம் என்பதால் ஒரு துறையே அதை ஒதுக்கியது. உங்கள் ஸ்டைல் ஷீட்டில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

கேள்வியாளர் மறுமொழி: நெய்தல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து எங்கள் கூட்டத்தில் வாசித்தேன். ‘இன்சிடென்ஸ்’ பற்றிய பகுதியைக் கேட்டபின் மூத்தவர்கள், இளையவர்கள் என்ற பிளவே பெரும்பாலும் மறைந்துவிட்டது. இப்போதைய வரைவில் பொருளையோ எண்ணையோ மாற்றிவிடும் சொற்கள் முதலில் வருகின்றன. அவற்றில் ஐயம் வந்தால் கட்டாயம் ஏ.கியூ. வைக்க வேண்டும். ‘நான்பிளஸ்டு’, ‘பைவீக்லி’, ‘இன்ஃப்ளேமபிள்’ போன்றவை, வேறு சொல்லால் மாற்றிவிட வேண்டியவை என்று தனியாக நிற்கின்றன. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ குறித்து வழக்குரை சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. ‘ஹோப்ஃபுல்லி’யை வாக்கியத்தின் தொடக்கத்தில், எல்லாம் நல்லபடி நடந்தால் என்ற பொருளில் எழுதுவதை விடலாமா? குறைவான என்று பொருள்படும் ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ என்ற இரண்டின் வேறுபாட்டை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது? அதோடு, நம் நாட்டுக் கட்டுரையாளர்கள் மின்னஞ்சலில் ‘ரிவர்ட்’ என்று எழுதுவதை வெளிநாட்டு இதழாசிரியர்கள் சிலர் குறை சொல்கிறார்கள். அதையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 6: ஏட்டுச்சுவடி

‘ஹோப்ஃபுல்லி’யை விட்டுவிடலாம். 1960-களில் அந்த வழக்கு பெருகியபோது அதன் மேல் எழுந்த சினம் அரை நூற்றாண்டு நீடித்தது. அசோசியேட்டட் பிரஸ் தன் ஸ்டைல் புத்தகத்தில் 2012-இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையில் அது வந்தால், நம்புவது யார், எதன் அடிப்படையில் என்று கேட்பது நியாயமே. அது சொல்லின் மேல் உள்ள குறையில்லை, வாதத்தில் உள்ள குறை.

‘ரிவர்ட்’ நம் அலுவலகங்களில் பதில் எழுதுவது என்று பொருள்படும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதைப் படிப்பவர் பழைய நிலைக்குத் திரும்புவது என்றே முதலில் நினைப்பார். ‘கட்டுரையின் முந்தைய வடிவத்தைப் பற்றி ரிவர்ட் செய்கிறோம்’ என்று எழுதினால், முந்தைய வடிவத்துக்கே திரும்பிவிட்டீர்கள் என்று இதழாசிரியர் எண்ணிவிடக்கூடும். இந்தியாவுக்குள் எழுதும் கடிதத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் ‘ரிப்ளை’ என்று மாற்றுங்கள். கூட்டத்தை முன்கூட்டி வைப்பதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ வேறு வகை. அதன் பொருள் யாருக்கும் குழம்புவதில்லை, ஆங்கில அகராதிகளிலும் அது ஏறிவிட்டது. அதை இழிவாகப் பார்ப்பவர்களுக்காக நாம் கூச வேண்டிய அவசியமே இல்லை.

‘லெஸ்’, ‘ஃபியூவர்’ விதியைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட் பேக்கர். 1770-இல் அவர் எழுதியது, எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’ நன்றாக இருக்கும் என்ற தம் விருப்பத்தைத்தான். பின்வந்தவர்கள் அதைக் கட்டளையாக்கினார்கள். பிரிட்டனின் டெஸ்கோ அங்காடிகள் 2008-இல், பத்துப் பொருள்களுக்கு மேல் வாங்காதவர்களுக்கான வரிசையின் பலகையில் இருந்த ‘லெஸ்’ஸை எடுத்துவிட்டு, ‘அப் டு’ என்று எழுதிச் சச்சரவிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. உங்கள் பணியில் நோயாளிகள், மாதிரிகள், கூடுகள் என்று தனித்தனியாக எண்ணுபவற்றுக்கு ‘ஃபியூவர்’ என்று வைத்துக்கொள்ளலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் தொலைவு, காலம், எடை, வயது ஆகிய அளவுகளிலும் அதைத் திணிக்கிறார்கள். ‘5 கிலோமீட்டருக்குக் குறைவு’ என்பதற்கு ‘ஃபியூவர் தேன்’ என்று திருத்திய ப்ரூஃப்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எண்ணுவது தனித்தனிக் கிலோமீட்டர்களை அல்ல, ஒரே தொலைவை. 4.7 கிலோமீட்டரும் அதற்குள் அடங்கும். அளவு அலகு வரும் இடங்களில் ‘லெஸ் தேன்’ மட்டுமே என்று ஸ்டைல் ஷீட்டில் ஓர் எடுத்துக்காட்டோடு எழுதிவிடுங்கள். ட்ராக் சேஞ்சஸில் (திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியில்) அந்தத் திருத்தத்தை யாராவது செய்திருந்தால், ஆசிரியருக்குப் போகும் முன் அதை நிராகரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.